முதலில் பேசுவது யார்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். மனநல கவுன்சிலருக்குக் கோபம் வரலாமா என்று யாராவது கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். திருவொற்றியூர் குப்பத்தில், சந்தையில் மீன் விற்கும் அம்மாவுக்கும் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் அப்பாவுக்கும் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலே, சண்டையா என்று பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜி படிக்கப் போனேன்.

கல்லூரி நகரத்தின் இன்னொரு கோடியில். முதல் வருஷத்தில் பாதி வகுப்புகள் நாடகம் மாதிரி நடக்கும். ஒருத்தி மனசு உடைந்து வந்தவளாக உட்கார வேண்டும், எதிரே இன்னொருத்தி கவுன்சிலராக உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்பார்கள். என் முறை வந்தது. "இன்னா ஆச்சும்மா, சொல்லு" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் சிரித்தது. மனசு உடைந்து வந்தவளும் சேர்ந்து சிரித்தாள். சினிமாவில் ரவுடிக்கும் காமெடியனுக்கும் ஒதுக்கி வைத்த பாஷையில் ஒருத்தி ஆறுதல் சொன்னால் வேறென்ன செய்வார்கள்? சிரிங்கடி, நல்லா சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. "கேட்ட கேள்வி சரியா இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார் மற்றவர்களிடம். கேள்வி சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

இரண்டாம் வருஷம் நிஜ மனிதர்கள். கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மாடியில் எனக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, பூட்டிக்கொள்ள ஒரு கதவு. கீழே கூட்ஸ் வண்டி போகும்போது பேச்சை நிறுத்திவிட வேண்டும், அது போய் முடியும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அங்கே நடப்பதை வாரம் ஒருமுறை மேடத்திடமும் கூடப் படிப்பவர்களிடமும் பேர் சொல்லாமல் விவரிக்க வேண்டும். பயிற்சியில் இருப்பவள் தன்னிஷ்டத்துக்கு எதுவும் முடிவு செய்யக்கூடாது. எனக்கு அதுதான் மகா கஷ்டமாக இருந்தது.

அந்த மாடிக்குத்தான் ஒருநாள் காத்திவாக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கழிமுகத்தில் இறால் பிடித்து விற்கும் குடும்பம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், முந்தானையை விரலில் சுற்றினார், சுற்றியதைப் பிரித்தார்.

"பாப்பா, நான் இங்க வர்றது ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது. என் பொண்ணுக்கு காசிமேட்டுல சம்மந்தம் பேசிகினு கீறோம். ஆத்தாக்காரி மண்டைக்கு வைத்தியம் பாக்குறாளாம்னு ஒரு வார்த்த அவங்க காதுல வுயுந்தா போதும், கல்யாணம் புட்டுக்கும்."

அவர் எதற்காக வந்தார் என்பதை நான் எழுதப் போவதில்லை. இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன். ஊரையும் உறவையும் மற்ற அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். "இன்னா வேணா எய்திக்கோ, எதுக்கு வந்தேன்னு மட்டும் எய்தாத" என்றார். ஆக, அது எங்கள் இருவரோடு இருக்கும்.

முதல் நாளே அவருக்கு எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொன்னேன். வெளியில் எங்கேயாவது பார்த்துக்கொண்டால் நானாக வந்து பேச மாட்டேன், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன், நீங்கள் பேசினால் மட்டும்தான் நானும் பேசுவேன் என்றேன். உலகத்தில் எங்கே கவுன்சிலிங் படித்தாலும் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல விதிதான். அக்காவும் தலையை ஆட்டினார். வியாழக்கிழமை தவறாமல் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில் கழிமுகத்தில் இறால் குறைந்துபோயிற்று. அக்கா கடல்மீன் எடுத்து விற்கலாம் என்று கிளம்பினார். எங்கே கூடையை இறக்கினார் தெரியுமா? திருவொற்றியூர் சந்தையில், எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில்! அவருக்கு என் அம்மாவைத் தெரியாது. எனக்கு இந்த விஷயமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு நாஸ்டா எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அம்மா பக்கத்தில் புதிதாக ஒரு மீன் பலகை. பலகைக்குப் பின்னால் அக்கா.

"வாமே" என்றாள் அம்மா. பக்கத்தில் திரும்பி, "இதான் என் பொண்ணு. கவுன்சிலிங்கு படிக்குது. கொருக்குப்பேட்டைல ஆஸ்பத்திரியில ஒக்காந்து மனசு சரியில்லாதவங்களுக்கு அல்லாம் பேசுது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பெருமையடித்தாள்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த சங்கரா மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசவில்லை, அதனால் நானும் பேசவில்லை. படித்தது படித்தபடி, விதி விதித்தபடி, டப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு அக்கா இருந்த திசையே பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

சரியாகத்தான் செய்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் எனக்கு அக்காவோ அத்தையோ ஆகிவிடுவார். "இன்னாக்கா, புச்சா வந்துகீறீங்களா, வியாபாரம் எப்டி?" என்று கேட்காமல் ஒரு எட்டு நகரக்கூடாது. அவரும், "இன்னா படிக்குற, எப்ப கல்யாணம்?" என்று நோண்டாமல் விடக்கூடாது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். பேச்சுவார்த்தை இல்லை என்றால் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும்வரை சந்தையில் யாருக்கும் சோறு இறங்காது.

எங்கள் பலகைகளுக்கு எதிரே, வாங்கிய மீனை ஆய்ந்து கொடுக்கிற ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். கை அருவாமணையில் இருக்கும், கண் ஊர் மேல் இருக்கும். நான் நாலு கடை தாண்டுவதற்குள் அவள் குரல் கேட்டது.

"இன்னாது, ரெண்டு பேரும் மூஞ்ச திருப்பிக்கினீங்க? முன்னமே பயக்கமா? ஏன்க்கா, நீகூட வியாயக்கெயமயானா கொருக்குப்பேட்ட பக்கம்தானே போற?"

திரும்பிப் பார்த்தால் இன்னும் மோசமாகும். நடந்தேன்.

அந்த வியாழக்கிழமை அக்கா வரவில்லை. அவர் நாற்காலியை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கூட்ஸ் வண்டிகள் போயின. என் வருத்தமெல்லாம் அந்தப் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றித்தான். அந்தம்மாள் வாயிலிருந்து அடுத்த வார்த்தை காசிமேட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மீன் வண்டி போகிற நேரம்தான்.

வாராந்திர வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். "நீங்க ரூல்படி சரியாத்தானே நடந்துக்கிட்டீங்க" என்றாள் கூடப் படித்தவள் ஒருத்தி, ரொம்ப அன்பாக. அந்த அன்பில்தான் எனக்குத் தீப்பிடித்தது.

"என்ன ரூலு? உங்க அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுக்காரங்களைப் பாத்து பேசாமப் போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எங்க தெருவுல பேசாமப் போனா மைக் வெச்சு சொன்ன மாதிரி! ரகசியத்தைக் காப்பாத்துறேன்னு நானே போய்த் தமுக்கடிச்சுட்டு வந்திருக்கேன். இந்த ரூலை எழுதினவங்க ஒருத்தராவது மீன் மார்க்கெட்டுக்கு வந்திருப்பாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது.

மேடம், "உக்காருங்க. உங்க சந்தையில என்ன நடந்தா யாருமே வித்தியாசமா நினைக்க மாட்டாங்க?" என்று கேட்டார்.

"சண்டை போட்டா மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்காமல் சொன்னார்: "ரகசியம் அவங்களோடது. அதை எப்படிக் காப்பாத்தணும்னு நீங்களும் நானும் இங்க உக்காந்து முடிவு பண்ணக்கூடாது. அவங்களையே கேளுங்க. இன்னொண்ணு, உங்கம்மா பக்கத்துலயே கடை போட்டிருக்காங்க. வேற கவுன்சிலர்கிட்ட மாறிக்கணும்னு நினைச்சா ஏற்பாடு பண்றேன்னு சொல்லுங்க. என்ன செஞ்சாலும் பொய் மட்டும் சொல்லாதீங்க."

நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரூலை எழுதினவங்க என்ன காப்பாத்த நினைச்சாங்களோ, அதைத்தான் இவங்களும் காப்பாத்தப் பாக்குறாங்க. எல்லாரும் கவனிச்சுக்கோங்க" என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. சனியன், கோபத்தோடு அழுகையும் சேர்ந்து வருகிற ஜாதி நான்.

மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போன் செய்ய வேண்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். அடுத்த வியாழக்கிழமை வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே பிடித்துக்கொண்டார்.

"ஏன் பாப்பா, இன்னாக்கானு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போனா வாயில கீற முத்து கொட்டிடுமா? மூஞ்ச திருப்பிக்கினு போற! அந்த மீன் ஆயுறவ அன்னியிலேந்து என்னியே பாத்துகினு கீறா."

"நீங்க பேசினாத்தான் நான் பேசுவேன்னு சொன்னேனேக்கா..."

"நான் எப்டிமே பேசுவேன்? எனக்கு நெஞ்சு தடதடங்குது. வாயத் தொறந்தா நானே காட்டிக் குடுத்துக்கினா மாரி ஆயிடுமேனு கீறேன். நீதானே படிச்சவ!"

நியாயமான கேள்வி. வந்தவர் நம் மேல் கோபப்பட்டால் பதிலுக்கு வாதாடாதே, முழுசாகக் கேள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாதாடாமல் கேட்டேன். எங்கள் அம்மா பார்த்திருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டிருப்பாள். அக்கா கொட்டித் தீர்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். வேறு கவுன்சிலரிடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேற ஆளா? மறுபடியும் மொதல்லேந்து அயுவணுமா? போமே. நீயே இரு. இப்ப சந்தைக்கு இன்னா வயினு பாரு."

"நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி."

அவர் யோசித்தார். அந்த மாடியில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஞாயித்துக்கெயம வா. வந்து உங்கம்மா மீன குத்தம் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. நம்ப முடியாத மூளை! சந்தையில் பெற்றவள் மீனை அவள் மகளே குறை சொல்வது என்றால், கொடியேற்றம் மாதிரி, எல்லாக் கடையும் திரும்பிப் பார்க்கும். ஆனால் அதைச் சண்டை என்றுதான் பார்க்கும். மேடத்திடம் சொன்னேன். "மீன்ல குறை நிஜமா இருந்தா மட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அம்மா பலகையில் இருந்த கானாங்கத்தை மீன் முந்தின நாள் மிஞ்சியது. வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாதா? ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா இது, செவுளு வெளுத்துப் போய்க் கெடக்குது. இத போய் விக்குற?"

அம்மா எழுந்த வேகத்தில் தராசு ஆடியது. "அடிப்பாவி! இந்த மீன வித்துத்தான் உன்னிய படிக்க வெச்சேன். நாலு எய்த்து படிச்சதும் ஆத்தா மீனு நாறுதா ஒனக்கு?"

"வெளுத்தா வெளுத்ததுதாம்மா. கண்ணும் உள்ள போயிடுச்சு பாரு."

"கண்ண நோண்டுறேன் இரு! எல்லாம் கேட்டுக்கோங்க, இவ பெரிய ஆபீசரு, மீனு செக் பண்ண வந்துகீறா!"

சந்தை மொத்தமும் கையை நிறுத்தியது. வாங்க வந்தவர்கள்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அப்போதுதான் பக்கத்துப் பலகையிலிருந்து அந்தக் குரல் வந்தது, கணீரென்று.

"ஏன்மே, பெத்தவளையே இப்டி நடுச்சந்தையில நிக்க வெச்சுப் பேசுறியே, வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு. அன்னிக்கு என்னாண்ட ஒரு வார்த்த பேசாத மொறச்சுக்கினு போன. படிப்பு திமிரா?"

அவர்தான் முதலில் பேசினார். விதி உடையவில்லை. இனிமேல் நான் பேசலாம்!

"நீங்க யாருக்கா நடுவுல? எங்கம்மா, என் மீனு, நான் கேப்பேன்" என்றேன். அக்கா பதிலுக்கு விட்டார் பாருங்கள், மாடியில் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணா இவர் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, "கேளுக்கா, நல்லா கேளு" என்று எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைச் சந்தை வாசல்வரை விரட்டினார்கள். பின்னால் அந்த மீன் ஆய்கிற அம்மாள் தீர்ப்புச் சொல்வது கேட்டது.

"அதானே பாத்தேன். பெத்தவளாண்டயே இப்டி நிக்குது, பக்கத்துல குந்தினவளாண்ட எங்க பேசும்? வேற ஒண்ணும் இல்ல, படிச்ச கொயுப்பு."

அவ்வளவுதான். காரணம் கிடைத்துவிட்டது. கொருக்குப்பேட்டையை அப்புறம் யாரும் வாயில் எடுக்கவில்லை. அக்கா வியாழனை மாற்றி வேறு கிழமையில் வர ஆரம்பித்தார். திமிர் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்தது. இன்றுவரை அந்தச் சந்தையில் எனக்கு அந்தப் பெயர்தான். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. அக்காவும் அம்மாவும் உயிர்த் தோழிகள் ஆகிவிட்டார்கள். என்னைத் திட்டுவதில் ஆரம்பித்த சிநேகிதம் அது.

கொருக்குப்பேட்டை மாடியில் அவர் வேலை நல்லபடியாக முடிந்தது. கடைசி நாள் இருவரும் எழுந்து நின்றபோது, "போதும் பாப்பா, இனிமே நான் பாத்துக்குவேன்" என்றார். பார்த்துக்கொண்டார். பரீட்சையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இந்தச் சந்தை விஷயத்தைப் பேர் இல்லாமல் கேட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் பாஸ். எங்கள் குப்பத்தில் இந்தப் படிப்பு முடித்தவள் நான்தான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை அம்மாவுக்கு வந்தது, குடும்பத்தோடு வரச் சொல்லி. படிப்பு முடிந்திருந்தாலும் மேடத்துக்குப் போன் செய்தேன். "போகலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். பேச்சுவார்த்தை இல்லை என்பார்கள் என்றேன். "அப்ப போங்க. நல்லா சாப்பிடுங்க" என்றார்.

காசிமேட்டுக்காரர்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். பெண் அழகாக இருந்தாள். அக்கா பட்டுப்புடவையில் பந்தி பந்தியாக ஓடி விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பந்திக்கு மாப்பிள்ளையின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். அம்மா என்னைக் காட்டி அந்தச் சம்பந்தியம்மாளிடம் ஆரம்பித்தாள்.

"இதான் என் பொண்ணு. மனசு சரியில்லாதவங்களுக்குப் பேசுற படிப்பாம். ரெண்டு வருசம் படிச்சிச்சு. ஒருத்தியாவது இதாண்ட வந்து மனசு வுட்டுப் பேசியிருப்பாளா? இல்லவே இல்ல. இது கொணத்துக்கு எவ வருவா சொல்லு?"

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. மகள் படிப்பு வீணாய்ப் போயிற்று என்று அவள் மெய்யாகவே நம்பினாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அம்மா முகம் மலர்ந்துவிடும். அந்த வாக்கியம் எனக்குச் சொந்தமில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அக்கா என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதாண்டயா? ஐய, நல்லா வருவாங்க" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அடுத்த வரிசைக்குப் போனார்.